ஒரே தேதி, பல ஆண்டுகள்: "வரலாற்றில் இன்று" பலகையை எழுதுவது எப்படி

எங்கள் பள்ளியில் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே, திருக்குறள் எழுதும் பலகைக்குப் பக்கத்தில், "வரலாற்றில் இன்று" என்று இன்னொரு பலகை இருக்கிறது. பல பள்ளிகளில் இதைப் பார்க்கலாம். காலை பிரேயர் மணி அடிப்பதற்குள் யாராவது ஒரு மாணவர் கைபேசியில் தேடி நான்கு வரிகளை எடுத்து எழுதிவிடுவார். ஒருவர் பிறந்தார், ஒருவர் இறந்தார், ஒரு கால்வாய் திறந்தது, ஒரு நாடு விடுதலை பெற்றது. அதை யாரும் நின்று படிப்பதில்லை. படித்தாலும் மதியச் சாப்பாட்டுக்குள் மறந்துவிடும்.

நான் வரலாறு நடத்தும் ஆசிரியை. அந்தப் பலகை பல வருஷங்களாக என் பொறுப்பில் இருக்கிறது. அதை எழுதும் முறையைக் கேட்கும் இளைய ஆசிரியர்களுக்கும், வாசகர் வட்டம் நடத்துகிறவர்களுக்கும், வகுப்பில் இந்த வேலையை ஏற்றுக்கொண்ட பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன்.

என் முறை ஒரே ஒரு கேள்வியில் நிற்கிறது. ஒரு தேதியில் நடந்ததாக எதை எழுதினாலும், அதன் பக்கத்தில் "ஏன் இந்தத் தேதி?" என்று கேளுங்கள். பதில் மூன்று விதமாகத்தான் வரும். யாரோ அந்த நாளை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்திருப்பார்கள். அல்லது, முன்பு அதே தேதியில் நடந்த ஒன்று பின்னால் நடந்ததை இழுத்து வந்திருக்கும். இரண்டும் இல்லையென்றால் தற்செயல். இந்தப் பதிலை ஒரு வரியில் சேர்த்து எழுதிவிட்டால், தொடர்பில்லாமல் கிடந்த நான்கு வரிகள் ஒன்றோடொன்று பேச ஆரம்பிக்கும்.

எல்லாருக்கும் தெரிந்த ஆகஸ்ட் 15ஐ வைத்துச் செய்துகாட்டுகிறேன்.

முதலில் சேகரிப்பு. இந்தக் கட்டத்தில் எதையும் ஒதுக்காதீர்கள். என் நோட்டில் அந்தத் தேதிக்கான பக்கத்தில் இருப்பவற்றில் சில: 1534 பாரீஸில் ஒரு சபதம். 1549 ஜப்பானில் சவேரியார் கரையிறங்கியது. 1769 நெப்போலியன் பிறப்பு. 1872 அரவிந்தர் பிறப்பு. 1914 பனாமா கால்வாய் திறப்பு. 1942 மகாதேவ தேசாய் மரணம். 1945 ஜப்பான் சரணடைவு. 1947 இந்திய விடுதலை. 1948 தென்கொரியக் குடியரசு. 1969 இஸ்ரோ. 1971 டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த தொடர்பை அமெரிக்க அதிபர் நிக்சன் துண்டித்தது. 1972 பின்கோடு. 1974 கோட்டையில் முதலமைச்சர் கொடியேற்றியது. 1975 வங்கதேசத் தலைவர் முஜிபுர் ரஹ்மான் படுகொலை. 1982 தூர்தர்ஷனில் வண்ண ஒளிபரப்பு. 1995 பொதுமக்களுக்கு இணையம். 2021 காபூல் தாலிபான் வசமானது.

இதை அப்படியே பலகையில் எழுதினால் பட்டியலாகத்தான் நிற்கும். ஒவ்வொன்றிடமும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

1947ல் ஏன் ஆகஸ்ட் 15? பிரிட்டிஷ் பிரதமர் அட்லி 1947 பிப்ரவரி 20 அன்று அறிவித்தபோது, 1948 ஜூனுக்குள் அதிகாரத்தை ஒப்படைப்போம் என்றுதான் சொன்னார். வைஸ்ராயாக வந்த மவுண்ட்பேட்டன் அதைப் பல மாதங்கள் முன்னால் இழுத்தார். ஜூன் 4 அன்று டெல்லியில் பத்திரிகையாளர்கள் முன்னிலையில் ஆகஸ்ட் 15 என்ற தேதி வந்தது. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்கு ஆசியாவின் நேசநாட்டுப் படைகளுக்குத் தலைமை தாங்கியவர் அவர். ஜப்பான் சரணடைந்து இரண்டு ஆண்டுகள் நிறையும் நாள் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். இப்படி ஒருவர் வருஷங்கள் கழித்துச் சொன்ன காரணத்தை எழுதும்போது "பின்னாளில் அவர் சொன்னது" என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். அந்த நேரத்தில் எழுதிய கடிதத்துக்கும் வயதான பிறகு சொன்ன நினைவுக்கும் எடை வேறு. இந்தப் பழக்கம் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பிலேயே வந்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

ஆக, 1947க்கான பதில் 1945ல் இருக்கிறது. அந்த நாளின் கதை அற்புதமானது. ஆகஸ்ட் 14 இரவு பேரரசர் ஹிரோஹிட்டோவின் உரையை இசைத்தட்டில் பதிவு செய்கிறார்கள். சரணடைய மனமில்லாத இளம் ராணுவ அதிகாரிகள் சிலர் அந்தத் தட்டுகளைக் கைப்பற்ற அரண்மனைக்குள்ளேயே புகுந்து தேடுகிறார்கள். கிடைக்கவில்லை. மறுநாள் நண்பகலில் உரை வானொலியில் ஒலிக்கிறது. பேரரசரின் குரலை ஜப்பானிய மக்கள் அன்றுதான் முதல்முறையாகக் கேட்கிறார்கள். 1910லிருந்து ஜப்பானின் கீழ் இருந்த கொரியாவுக்கு அந்த நண்பகல்தான் விடுதலை. மூன்று வருஷம் கழித்து, 1948ல், தென்கொரியா தன் குடியரசை அறிவிக்க அதே ஆகஸ்ட் 15ஐ எடுத்துக்கொண்டது. டோக்கியோவில் ஒலித்த ஒரு குரல், டெல்லிக்கும் சியோலுக்கும் ஒரே தேதியைத் தேசிய நாளாகக் கொடுத்துவிட்டது. பலகையில் 1945, 1947, 1948 மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி அம்புக்குறி போட்டுவிடுங்கள். வேறு விளக்கம் தேவையில்லை.

இதிலிருந்து பாகிஸ்தானுக்கும் ஒரு கிளை போகிறது. இந்திய விடுதலைச் சட்டம் இரண்டு நாடுகளுக்கும் ஆகஸ்ட் 15 என்றுதான் சொல்கிறது. 1948ல் பாகிஸ்தான் வெளியிட்ட முதல் நினைவு அஞ்சல்தலைகளிலும் 1947 ஆகஸ்ட் 15 என்றே அச்சிட்டிருந்தது. ஆனால் மவுண்ட்பேட்டன் கராச்சிக்குப் போய் அங்குள்ள அரசியல் நிர்ணய சபையில் பேசியது 14ஆம் தேதி. நள்ளிரவுக்கு அவர் டெல்லியில் இருக்க வேண்டும். பாகிஸ்தான் 1948 முதல் ஆகஸ்ட் 14ஐயே விடுதலை நாளாகக் கொண்டாடுகிறது. எல்லைக் கோடு எங்கே போகிறது என்பது இரு நாட்டு மக்களுக்கும் தெரிந்தது 17ஆம் தேதி. இந்த மூன்று தேதிகளைப் பத்தாம் வகுப்பில் ஒன்றாக வைத்துப் பாருங்கள், பாடம் தானாக நடக்கும்.

இனி வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தவை. விடுதலை கிடைத்த பிறகு ஆகஸ்ட் 15 திறப்புவிழாக்களுக்கு ஏற்ற நாளாகிவிட்டது. இஸ்ரோ, பின்கோடு, வண்ணத் தொலைக்காட்சி, விதேஷ் சஞ்சார் நிகம் என்ற அரசு நிறுவனம் வழியாக இணையம் எல்லாம் இந்த வகை. இவற்றில் பலகைக்கு ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் நான் பின்கோடை எடுப்பேன். விடுதலையின் வெள்ளிவிழா நாளில், 1972 ஆகஸ்ட் 15 அன்று, அது நடைமுறைக்கு வந்தது. ஸ்ரீராம் பிக்காஜி வேலங்கர் என்ற அஞ்சல்துறை அதிகாரி உருவாக்கியது. ஒரே பெயரில் பல ஊர்கள், முகவரி எழுதப் பல மொழிகள், பல எழுத்துகள். இந்தக் குழப்பத்துக்கு ஆறு இலக்கம் விடை. முதல் இலக்கம் மண்டலம், இரண்டாவது துணை மண்டலம், மூன்றாவது கடிதம் பிரிக்கும் மாவட்டம், கடைசி மூன்றும் அஞ்சலகம். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் முதல் இலக்கம் 6. ராணுவ அஞ்சலுக்கு 9. பிள்ளைகள் எல்லாருக்கும் சொந்த ஊரின் பின்கோடு மனப்பாடம். சுதந்திர தினத்துக்கும் தன் வீட்டு முகவரிக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது என்று தெரிந்ததும் அவர்கள் முகத்தில் வரும் வெளிச்சத்துக்காகவே இந்த வரியை ஒவ்வொரு வருஷமும் எழுதுகிறேன்.

1974 நிகழ்ச்சியும் இந்த வகைதான், ஆனால் அதற்குள் ஓர் உரிமைக் கோரிக்கை இருக்கிறது. அதுவரை மாநிலங்களில் சுதந்திர தினத்தன்று ஆளுநர்தான் கொடியேற்றுவார். முதலமைச்சராக இருந்த கருணாநிதி, மக்கள் தேர்ந்தெடுத்தவர்தான் ஏற்ற வேண்டும் என்று ஒன்றிய அரசிடம் கேட்டுப் பெற்றார். அந்த ஆகஸ்ட் 15 அன்று புனித ஜார்ஜ் கோட்டையில் கொடியேற்றினார். இன்று எல்லா மாநிலங்களிலும் முதலமைச்சர்கள் ஏற்றுவது அதன் தொடர்ச்சி. காலையில் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வரும் பிள்ளைக்கு இது உடனே புரியும்.

அடுத்தது தற்செயல். இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். தேதி ஒன்றாக இருப்பதால் உள்ளே ஏதோ செய்தி இருக்கும் என்று தேடுகிறார்கள். பெரியார் மறைந்தது 1973 டிசம்பர் 24. எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர் 24. காமராஜர் மறைந்தது 1975 அக்டோபர் 2, காந்தி பிறந்தநாள். டார்வினும் லிங்கனும் ஒரே நாளில், 1809 பிப்ரவரி 12 அன்று பிறந்தவர்கள். இவற்றைப் பலகையில் தாராளமாக எழுதலாம், மக்கள் நினைவில் நிற்கும். ஆனால் பக்கத்தில் "தற்செயல்" என்று எழுதத் தயங்காதீர்கள். வருஷத்துக்கு 365 நாள்தான். நமக்குத் தெரிந்த பெரிய மனிதர்களோ ஆயிரக்கணக்கில். தேதிகள் மோதிக்கொள்ளாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அதே நேரத்தில், ஒரு தற்செயல் சம்பந்தப்பட்டவருக்கு என்னவாக இருந்தது என்பதும் வரலாறுதான். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அரவிந்தர் 1872 ஆகஸ்ட் 15 அன்று கல்கத்தாவில் பிறந்தார், 1910லிருந்து புதுச்சேரியில் வாழ்ந்தார். இந்தியா விடுதலை பெற்ற அன்று அவருக்கு 75 வயது நிறைந்தது. அவர் இருந்த ஊர் அன்று பிரெஞ்சுக்காரர்கள் கையில். அகில இந்திய வானொலியின் திருச்சி நிலையம் கேட்டுக்கொண்டதால் ஒரு செய்தி எழுதிக் கொடுத்தார். அதில், தன் பிறந்தநாளும் விடுதலை நாளும் ஒன்றாக அமைந்ததைத் தற்செயலாகத் தான் எடுத்துக்கொள்ளவில்லை, தன்னை வழிநடத்தும் இறையாற்றலின் ஒப்புதலாகவே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நம் பலகையில் அந்தத் தேதி மோதல் தற்செயல்தான். அவருடைய நம்பிக்கையை அவர் பெயரிலேயே, அவர் சொன்னதாக எழுதுங்கள். இரண்டுக்கும் இடம் உண்டு.

காந்திக்கு அந்தத் தேதி வேறு மாதிரி. 1942 ஆகஸ்ட் 9 அன்று "வெள்ளையனே வெளியேறு" தீர்மானத்தை ஒட்டி அவரைக் கைது செய்து புனேயில் ஆகா கான் மாளிகையில் வைத்தார்கள். கூடவே 1917லிருந்து அவருக்குச் செயலாளராக இருந்த மகாதேவ தேசாயும். ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 15 அன்று மாரடைப்பில் மகாதேவ தேசாய் இறந்துபோனார், வயது 50. அந்த மாளிகை வளாகத்திலேயே தகனம் நடந்தது. ஐந்து வருஷம் கழித்து, நாடே டெல்லியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாளில், காந்தி கல்கத்தாவில் பெலியகட்டாவில் ஒரு பழைய வீட்டில் இருந்தார். இந்து முஸ்லிம் கலவரத்தை அணைக்கப் போயிருந்தார். அன்று அவர் உண்ணவில்லை. பிரார்த்தனையும் ராட்டையுமாக இருந்தார். 1942ஐயும் 1947ஐயும் அடுத்தடுத்து எழுதுங்கள். சுதந்திர தினக் கூட்டத்தில் எல்லாரும் சொல்லும் வரிகளைத் தாண்டி, ஒரு மனிதர் அன்று எங்கே இருந்தார், யாரை நினைத்திருப்பார் என்று ஒரு பிள்ளையாவது யோசிக்கும்.

ஒரே ஆளுக்கு ஒரே தேதி இரண்டு விதமாக அமைவதும் உண்டு. 1534 ஆகஸ்ட் 15 அன்று பாரீஸின் மொன்மார்த்ர் குன்றில் இஞ்ஞாசியாரும் நண்பர்களுமாக ஏழு பேர் சபதம் எடுத்தார்கள். பின்னாளில் இயேசு சபையாக வளர்ந்தது அதுதான். அவர்களில் ஒருவர் பிரான்சிஸ் சவேரியார், நம் முத்துக்குளித்துறைக் கரையில் பரவர் ஊர்களில் வேலை செய்தவர். 1549 ஆகஸ்ட் 15 அன்று அவர் ஜப்பானின் ககோஷிமாவில் கரையிறங்கினார். ஆகஸ்ட் 15 மாதாவின் விண்ணேற்பு விழா. சபதத்துக்கு அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். கப்பல் அந்த நாளில் போய்ச் சேர்ந்தது காற்றின் கையில் இருந்தது. எங்கள் பக்கத்துக் கடலோர ஊர்களில் சுதந்திர தினக் கொடியும் மாதா கோயில் திருவிழாவும் ஒரே காலையில் வருவதால், இந்த வரியைக் கிறிஸ்தவப் பிள்ளைகள் தங்கள் வரியாகவே படிப்பார்கள். தற்செயல் பிறகு தேர்வாக மாறுவதும் உண்டு: அதே தேதியில் பிறந்த நெப்போலியன், பேரரசரான பின் 1806ல் ஆகஸ்ட் 15ஐத் தன் பெயரில் தேசிய விழாவாக்கினார்.

தேதி சரிதானா?

இணையத்தில் கிடைக்கும் தேதிப் பட்டியல்கள் பல, ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. பத்து இடத்தில் ஒரே தேதி இருந்தால் பத்துச் சாட்சிகள் என்று நினைக்க வேண்டாம். ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரண்டு இடங்களிலாவது பாருங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் இருக்கின்றன. சென்னையில் இருப்பவர்களுக்குக் கன்னிமாரா நூலகம் இருக்கிறது, ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. பழைய நாளிதழைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 16ஆம் தேதி இதழில் இருப்பது பெரும்பாலும் 15ஆம் தேதி நடந்தது. இதழின் தேதியை நிகழ்ச்சியின் தேதியாக எடுத்து எழுதிய பட்டியல்கள் ஏராளம். கிழமையையும் ஒப்பிடுங்கள். 1947 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. ஒரு கட்டுரை அதைச் சனிக்கிழமை என்று சொன்னால் அதன் மற்றத் தேதிகளையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

நள்ளிரவு நிகழ்ச்சிகள் தனி வேலை வைக்கும். நேரு அரசியல் நிர்ணய சபையில் பேசியது ஆகஸ்ட் 14 இரவு, பன்னிரண்டு அடிப்பதற்கு முன். விடுதலை 15ஆம் தேதி பிறந்தபோது. வேலூர்ப் புரட்சி 1806 ஜூலை 10 விடியற்காலையில் வெடித்தது, அதனால் சில இடங்களில் 9ஆம் தேதி இரவு என்றும் பார்ப்பீர்கள். யாழ்ப்பாணம் நூலகம் எரிந்தது 1981 மே 31 இரவுக்கும் ஜூன் 1க்கும் இடையில். இப்படிப்பட்டவற்றை ஒரு தேதிக்குள் அடைக்காமல் "இரவு" என்று சேர்த்து இரண்டு தேதியையும் எழுதிவிடுவது நேர்மை.

பிறகு, எந்த ஊர் நேரம் என்று பாருங்கள். இதற்கு நான் எப்போதும் நிலாவைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். அமெரிக்கர்கள் நிலவில் இறங்கியது 1969 ஜூலை 20 என்று உலகமே எழுதுகிறது, ஏனென்றால் அங்கே அது ஜூலை 20. ஈகிள் தரை தொட்டபோது இந்தியாவில் ஜூலை 21 அதிகாலை 1.47. ஆம்ஸ்ட்ராங் கால் வைத்தபோது இங்கே காலை 8.26, ஒன்பது மணிப் பள்ளிக்குப் பிள்ளைகள் கிளம்பும் நேரம். நிக்சன் டாலர் பற்றிப் பேசியது வாஷிங்டனில் 1971 ஆகஸ்ட் 15 ஞாயிறு இரவு ஒன்பது மணி. நமக்குத் திங்கள் காலை 6.30. ஜப்பான் சரணடைந்ததை அமெரிக்க அதிபர் ட்ரூமன் அறிவித்தது வாஷிங்டன் நேரப்படி ஆகஸ்ட் 14 மாலை ஏழு மணி. அப்போது டோக்கியோவில் 15ஆம் தேதி காலை எட்டு. அதனால் நிகழ்ச்சி நடந்த இடத்தின் தேதியை எழுதுங்கள். நம் நேரம் வேறாக இருந்தால் அடியில் ஒரு வரி.

நாட்காட்டி மாறிய கதையை மேல் வகுப்புப் பிள்ளைகள் மிகவும் விரும்புவார்கள். 1582ல் போப் பதிமூன்றாம் கிரகோரி நாட்காட்டியைத் திருத்தியபோது, அதை ஏற்ற நாடுகளில் அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆனது. பிரிட்டன் 1752 வரை ஏற்கவில்லை. அந்த வருஷம் அங்கே செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14. இதன் விளைவு நம் கரையிலேயே இருக்கிறது. 1746ல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னே சென்னைக் கோட்டையைப் பிடித்தார். பிரெஞ்சுக்காரர் கணக்கில் அது செப்டம்பர் 21. கோட்டைக்குள் இருந்த ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10. ஒரே நாள், ஒரே கோட்டை, இரண்டு தேதி. அந்தக் காலத்தில் புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையோ தமிழ் வருஷமும் மாதமும் தேதியுமாகக் குறித்துக்கொண்டிருந்தார். சவேரியார் கரையிறங்கிய 1549 ஆகஸ்ட் 15உம் பழைய கணக்குதான், இன்றைய கணக்கில் பத்து நாள் தள்ளிப்போகும். ஆனால் அவருக்கு அன்று மாதா திருநாள் என்பதால் அந்தத் தேதியையே வைத்து, "பழைய நாட்காட்டி" என்று குறிப்பிடுங்கள். ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் 1616 ஏப்ரல் 23 என்ற ஒரே நாளில் இறந்தார்கள் என்று புத்தக தினத்தன்று எல்லாரும் எழுதுவார்கள். இங்கிலாந்தும் ஸ்பெயினும் அப்போது வெவ்வேறு நாட்காட்டியில் இருந்தன. ஷேக்ஸ்பியரின் அந்த ஏப்ரல் 23 வந்தது பத்து நாள் கழித்துத்தான். அதோடு செர்வாண்டிஸ் இறந்தது 22ஆம் தேதி, அடக்கம்தான் 23.

ஒரு நிகழ்ச்சிக்கு ஒரே தேதி என்றும் இல்லை. நம் மாநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மொழிவழி மாநிலமாக எல்லை அமைந்தது, கன்னியாகுமரி நம்மோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. "தமிழ்நாடு" என்று பெயர் மாற்றச் சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது 1967 ஜூலை 18. பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14, பொங்கல் நாள். மூன்றும் உண்மை. எதை எழுதினாலும் அன்று சரியாக என்ன நடந்தது என்ற வினைச்சொல் வேண்டும்: எல்லை அமைந்தது, தீர்மானம் நிறைவேறியது, பெயர் அமலுக்கு வந்தது. புதுச்சேரியும் அப்படியே. நிர்வாகம் கைமாறியது 1954 நவம்பர் 1, சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. "உருவானது", "தோன்றியது" என்று பொதுவாக எழுதும் வரிகளை அடித்துவிட்டுச் சரியான வினையைப் போடுங்கள்.

சில நாள்களை ஆங்கிலத் தேதியில் கட்டவே முடியாது. ராஜராஜனுக்கு ஐப்பசி சதயத்தில் விழா. நட்சத்திரம் ஆண்டுதோறும் வேறு தேதியில் வரும், அதனால் அதை அந்தந்த ஆண்டு காலண்டர் பார்த்துத்தான் பலகையில் ஏற்ற வேண்டும். பழைய தலைமுறை உள்ளூர்ப் பெரியவர்களின் பிறந்தநாளை எழுதும்போதும் கவனம் தேவை. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான் பலருக்குச் சான்றிதழில் இருக்கிறது. வீட்டில் கேட்டால் நட்சத்திரமும் மாதமும் சொல்வார்கள்.

பலகையில்

எழுத்து பெரிதாக இருக்கட்டும், நான்கு நிகழ்ச்சிக்கு மேல் வேண்டாம். அருகில் ஒன்று, தொலைவில் ஒன்று, அன்றாட வாழ்க்கையைத் தொடும் ஒன்று, யாரும் எதிர்பார்க்காத ஒன்று. வெள்ளை சாக்பீஸில் ஆண்டும் நிகழ்ச்சியும், மஞ்சளில் "ஏன் இந்தத் தேதி?" என்பதற்கான பதிலும். ஆகஸ்ட் 15க்கு நான் எழுதுவது இந்த மாதிரி இருக்கும்:

1942 – மகாதேவ தேசாய், சிறைவைத்த மாளிகையில் மறைவு. காந்தியின் செயலாளர். (தற்செயல்)
1945 – ஜப்பான் பேரரசர் வானொலியில் சரணடைவை அறிவித்தார்.
1947 – இந்திய விடுதலை. (1945ஐ நினைத்துத் தேர்ந்தெடுத்ததாக மவுண்ட்பேட்டன் பின்னாளில் சொன்னார்)
1972 – பின்கோடு. (வெள்ளிவிழாவுக்காகத் தேர்ந்தெடுத்தது) உங்கள் ஊர் எண்ணின் முதல் இலக்கம் என்ன?

கேள்வி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். பிள்ளைகள் அதற்காகத்தான் நிற்பார்கள்.

துயரமான நிகழ்ச்சியைக் கொண்டாட்ட நாளில் எழுதலாமா என்று கேட்பார்கள். எழுத வேண்டும் என்பது என் கருத்து. 1975 ஆகஸ்ட் 15 விடியலில் டாக்காவில் முஜிபுர் ரஹ்மானையும் அவர் குடும்பத்தாரையும் ராணுவ அதிகாரிகள் கொன்றார்கள். வெளிநாட்டில் இருந்த இரண்டு மகள்கள் மட்டும் தப்பினார்கள். வங்கதேசத்தில் நீண்ட காலம் அது துக்க நாள், பின்பு 2024ல் இடைக்கால அரசு அந்த விடுமுறையை ரத்து செய்தது. பக்கத்து நாட்டுக்கு அந்தத் தேதி எப்படி இருக்கிறது என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். நான் செய்வது இதுதான்: கொடியேற்றும் கூட்டத்தில் வாசிக்கச் சொல்ல மாட்டேன், பலகையில் எழுதுவேன், மேல் வகுப்பில் பேசுவேன். கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கையையோ எப்படி என்பதையோ சின்னப் பிள்ளைகள் படிக்கும் பலகையில் விவரிக்கத் தேவையில்லை.

வாசிக்கும் மாணவருக்கு ஒரு நிமிஷம் போதும். முந்தைய நாள் மாலையே எழுதிவிடச் சொல்லுங்கள். காலையில் எழுதினால் சரிபார்க்க நேரம் இருக்காது.

எழுதியதை அழித்துவிட்டுப் போகாமல் ஒரு கணக்கு நோட்டில் தேதிக்கு ஒரு பக்கமாகப் பதிந்து வையுங்கள்: ஆண்டு, இடம், சரியான வினைச்சொல், ஏன் அந்தத் தேதி, எங்கே பார்த்தது. பிள்ளைகளே கொண்டுவரும் செய்திகளுக்குக் கீழ்ப் பாதியை விட்டுவையுங்கள், சரிபார்த்த பிறகு மேலே ஏறட்டும். நோட்டில் 366 பக்கம் வேண்டும். பிப்ரவரி 29க்கு என்ன இருக்கப்போகிறது என்று அந்தப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். மொரார்ஜி தேசாய் 1896 பிப்ரவரி 29 அன்று பிறந்தவர். 1900 லீப் வருஷம் இல்லை என்பதால் அவருக்கு அடுத்த பிப்ரவரி 29 எட்டு வருஷம் கழித்து, 1904ல்தான் வந்தது. அன்றைக்கு மதுரையில் ருக்மிணி தேவி பிறந்தார், பின்னாளில் கலாக்ஷேத்ராவை நிறுவியவர். 1977ல் பிரதமரான மொரார்ஜி, ருக்மிணி தேவியைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு அழைத்தார், அவர் மறுத்துவிட்டார். பிறந்தநாள் ஒன்றானது தற்செயல், அழைப்பு அப்படியில்லை. லீப் இல்லாத வருஷங்களில் இதைப் பிப்ரவரி 28 பலகையின் கடைசி வரியாக, உண்மைத் தேதியோடு எழுதுங்கள்.